எங்கள் வீட்டு மாடியில் பின்லாந்து

பின்லாந்தைப் பற்றி எங்கள் தெருவில் யாருக்காவது சந்தேகம் வந்தால் என் அத்தாவிடம்தான், அதாவது அப்பாவிடம்தான், கேட்க வேண்டும். யாருக்கும் அப்படி ஒரு சந்தேகம் வராததால் அவராகவே சொல்லிவிடுவார். அத்தா சென்னையைத் தாண்டிப் போனதில்லை. செங்கம் ரோட்டில் குழாய், பூட்டு, ஆணி விற்கும் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். ஆனால் எங்கள் வீட்டு மாடி அறையில் வருஷா வருஷம் பின்லாந்துக்காரப் பெண்மணி ஒருவர் வாடகைக்கு வந்து தங்குவார். கார்த்திகை தீபக் கூட்டம் ஓய்ந்ததும் வருவார், வெயில் ஏறத் தொடங்கியதும் கிளம்பிவிடுவார். அவர் ஒருவரைப் பார்த்தே அந்த நாட்டை முழுசாகத் தெரிந்துகொண்டதாக அத்தாவுக்கு நினைப்பு.

"ரொம்ப அமைதியான ஜனங்க சார்" என்று குழாய் வாங்க வந்தவரைப் பிடித்துவைத்துச் சொல்வார். "மத்தியானம் வரைக்கும் வாயே தொறக்க மாட்டாங்க. காலுக்குச் செருப்பு கெடையாது. கறி, மீனு வாசனையே ஆவாது. எல்லாரும் வெள்ளத் துணிதான். யாரப் பாத்தாலும் கைகூப்பி ஒரு கும்பிடு."

குழாய் வாங்க வந்தவர் வாஷர் இருக்கிறதா என்று கேட்பார்.

அந்தப் பெண்மணிக்கு 'மாடியம்மா' என்று பெயர் வைத்தது என் அம்மா. மாடியம்மா மலையடிவாரத்து ஆசிரமத்துக்காக வருகிறவர். காலையில் மௌனம் இருப்பார். அவர் மௌனம் கெடக்கூடாது என்று எங்கள் வீட்டில் மத்தியானம் வரை மிக்ஸி ஓடாது. குக்கர் விசிலடிக்க வாயெடுப்பதற்குள் அம்மா அடுப்பை அணைத்துவிடுவார். எல்லாவற்றையும்விடப் பெரிய கொடுமை வெள்ளிக்கிழமை பிரியாணி. கறி வாசனை மேலே போய் அந்தம்மாவைத் தொந்தரவு செய்துவிடக் கூடாது என்று அத்தா எல்லா ஜன்னல்களையும் சாத்தச் சொல்வார். பிரியாணியோடு சேர்த்து நாங்களும் தம்மில் வெந்தோம்.

நான் அப்போது வேலூரில் ஓட்டல் மேனேஜ்மென்ட் படித்துக்கொண்டிருந்தேன். விடிந்ததும் பஸ் ஏறி, பொழுது சாய்ந்ததும் வீடு திரும்பும் படிப்பு. எங்கள் கல்லூரியில் சிலரைக் கோடை முழுக்க வெளிநாட்டு ஓட்டல்களில் வேலை பழக அனுப்புவார்கள். எனக்குக் கிடைத்தது பின்லாந்தில் ஏரிக்கரையோரம் இருந்த ஓர் ஓட்டல். கூட யாரும் கிடையாது, நான் ஒருத்திதான். வீட்டில் பெரிய யுத்தம் நடக்கும் என்று எண்ணி, வேலூரிலிருந்து வரும் பஸ்ஸில் வசனமெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். நாட்டின் பெயரைச் சொன்னதுமே அத்தா, "மாடியம்மா ஊரா? அப்போ இன்னா பயம்? போய்ட்டு வரட்டும்" என்றார். யோசித்த வசனங்கள் அத்தனையும் வீணாகப் போனதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

மறுநாளே பயிற்சி தொடங்கியது. சித்திரை வெயிலில் தெருக்கோடி வரை வெறுங்காலோடு நடந்துவிட்டு வரச் சொன்னார் அத்தா. மத்தியானம் வரை பேசக் கூடாது என்றார். முதல் நாள் அம்மாவுக்கு அது நிம்மதியாக இருந்தது. அடுத்த நாள் சண்டை போட ஆளில்லாமல் தவித்துப் போனார். வெள்ளை வெளேரென்று சுடிதார்கள் தைக்கப்பட்டன. ஓட்டலுக்கு வரும் பின்லாந்துக்காரரை எப்படிக் கும்பிட வேண்டும் என்று, பிறந்ததிலிருந்து சலாம் சொல்லியே பழகிய அத்தா, ஹாலின் நடுவே நின்று கைகூப்பிச் செய்து காட்டினார். "இன்னும் கொஞ்சம் தலைய சாய்க்கணும்" என்று அம்மா திருத்தினார்.

நான் போனில் அந்த ஊர்ப் படங்களைத் தேடிக் காட்டினேன். எல்லோரும் பூட்ஸ் போட்டிருந்தார்கள்.

"நெட்டுல ஆயிரம் போடுவான்" என்றார் அத்தா. "நாமதான் கண்ணாலயே பாத்துக்கினு இருக்கோமே."

அம்மாவுக்கு வேறு கவலை. அங்கே கோடையில் சூரியன் மறையவே மறையாது என்று நான் தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். "பொழுதே சாயலன்னா மஃரிப் எப்பிடித் தொழுவ?" என்று பிடித்துக்கொண்டார். அத்தா பள்ளிவாசலில் விசாரித்து வந்து, அதற்கெல்லாம் கணக்கு வைத்திருக்கிறார்கள் என்றார். "கணக்கு இருக்கட்டும். வெளிச்சத்துல தூக்கம் எப்பிடி வரும்?" என்ற அம்மா, கடைக்குப் போய் தடித்த கறுப்புத் துணி எடுத்து ஒரு திரை தைத்துப் பெட்டிக்குள் வைத்தார். நான் கேலி செய்தேன்.

நான் தனியாகச் சமாளிப்பேனா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பேன். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் அம்மா என்று ஹாலில் படுத்துத் தூங்கியே வளர்ந்தவள் நான். தனியாக உட்கார்ந்து ஒரு வேளைச் சோறு தின்றதில்லை. வீட்டு கேட்டைக் கூட நானாகத் திறந்ததில்லை. ஒன்பது மணியானால் அத்தா அதைப் பூட்டுவார், விடியலில் சுபுஹு தொழுகைக்கு எழுந்ததும் திறப்பார். சாவி எப்போதும் அவர் சட்டைப் பையில். அம்மா ஒருமுறை தனக்கும் ஒன்று கேட்டதற்கு, "உனக்கு எதுக்கு? நாந்தான் இருக்கேனே" என்றாராம். பூட்டுக்கடைக்காரர் வீட்டில் இதுதான் நிலைமை.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது, என்னைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளும்படி மாடியம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று அத்தாவுக்குத் தோன்றியது. ஒரு சாயங்காலம் வீடியோ காலில் கூப்பிட்டோம்.

திரையில் தெரிந்த முகத்தைப் பார்த்து, தப்பான நம்பருக்குப் போட்டுவிட்டோம் என்றுதான் மூன்று பேருமே நினைத்தோம். சிவப்புச் சிவப்பாய் லிப்ஸ்டிக். பளபளக்கும் வெள்ளிநிற பூட்ஸ். ஒரு கையில் நுரை பொங்கும் கண்ணாடிக் குவளை, இன்னொரு கையில் குச்சியில் குத்திய இறைச்சி. போனை வேறு யாரோ பிடித்திருந்தார்கள். அங்கே ஏதோ வசந்தகால விடுமுறையாம். பூங்காவில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து ஊரே கத்திக்கொண்டிருந்தது. பின்னால் யாரோ ஊதல் ஊதினார்கள். அத்தாவின் கைகள் தாமாகவே குவிந்தன. அந்தம்மா "வணக்கம்!" என்று அலறி, பதிலுக்குக் குவளையை உயர்த்தினார்.

"கையில இன்னா அது?" என்று அம்மா என் காதில் கேட்டார். நான் கேட்டேன். "சாசேஜ்! வெரி குட்!" என்று அந்தம்மாவே ஒரு கடி கடித்துக் காட்டினார். என்னைப் பார்த்து, கட்டாயம் வா, நிறையப் பேசலாம் என்றார். பத்து வருஷத்தில் எங்களிடம் அவர் பேசிய மொத்தத்தையும்விட அந்த ஐந்து நிமிஷத்தில் ஜாஸ்தி பேசினார்.

போனை வாங்கி அத்தா மேசைமேல் கவிழ்த்து வைத்தார். முதலில் வாய் திறந்தது அம்மாதான்.

"ஏங்க, ஜன்னல சாத்திக்கினு இல்ல இத்தன வருஷமா பிரியாணி செஞ்சேன்?"

அத்தா ராத்திரிச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு, "இந்தப் பயணம் வேணாம்மா" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அந்தம்மா இறைச்சி தின்றதற்கும் நான் போவதற்கும் என்ன சம்பந்தம், நாம் தின்னாததா என்று கத்தினேன். அத்தா நிதானமாகத்தான் பேசினார்.

"அவங்கள ஒண்ணும் தப்பா சொல்லல. நல்ல மனுஷிதான். ஆனா எடம் மாறினா ஆளே வேற ஆளா ஆயிடறாங்க பாரு. இங்க ஒரு ஆளு, அங்க ஒரு ஆளு. நீ போயிட்டுத் திரும்பி வந்தா, வர்றது எம்பொண்ணா இருக்குமா, இல்ல நாலு நாளு தங்கிட்டுப் போற விருந்தாளியா இருக்குமா? அது எனக்குத் தெரியல."

கொஞ்சமாவது வேறு ஆளாக ஆக வேண்டும் என்றுதானே நானே போக ஆசைப்பட்டேன்? அதை அவரிடம் எப்படிச் சொல்வது? முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

வழி கண்டுபிடித்தது அம்மா. "ஆளு மாறுறாளான்னு இங்கியே பாத்துடலாம். நம்மகிட்ட இருக்கிற வெளிநாடு அந்த மாடிதான். பௌர்ணமி வரைக்கும் அங்க தனியா இருக்கட்டும். தானே சமைக்கணும், தானே துவைக்கணும். கீழ கால வெச்சான்னா பயணம் கேன்சல். வெக்கலன்னா நீங்க வாயத் தொறக்கக் கூடாது."

அத்தா உடனே சம்மதித்தார். அவ்வளவு சீக்கிரம் சம்மதித்ததிலேயே, மறுநாள் காலை டீக்கே நான் இறங்கி வந்துவிடுவேன் என்று அவர் கணக்குப் போட்டது தெரிந்தது. அறைச் சாவியை எடுத்துக் கொடுத்தார். பித்தளைப் பூட்டு அது. கதவுக்குப் பெயின்ட் அடித்தபோது சிந்திய பச்சை, பூட்டின் நெற்றியில் அப்படியே காய்ந்திருக்கும். கடைக்கு வந்த சரக்கிலேயே நல்ல பூட்டு என்று அவர் வாடகைக்கு வருகிறவர்களுக்காக எடுத்து வைத்தது.

ஆக, குளிர் நாட்டுக்குப் போகிறவளுக்கு அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடி அறையில் பயிற்சி. வெயிலுக்கு முன்பே மாடியம்மா ஏன் ஓடிப்போகிறார் என்று முதல் நாளே விளங்கியது. சுவரில் சாய்ந்தால் முதுகு சுட்டது. துணி நாப்கினை அன்னப்பறவையாக மடிக்கத் தெரிந்த எனக்கு ஒருபிடி அரிசியைக் குழையாமல் வடிக்கத் தெரியவில்லை. எல்லாவற்றையும்விட, காலையில் எழுப்பித் திட்ட ஆள் இல்லாமல் எழுந்திருக்கவே மனசு வரவில்லை. கண் விழித்த பிறகும் யாராவது கத்துவார்களா என்று படுத்துக் காத்திருந்தேன்.

கீழே இருந்த இருவரும் போட்டியை ரொம்பவே மனசுக்குள் வாங்கிக்கொண்டார்கள். மாடியம்மாவிடம் பேசும் அதே இங்கிலீஷில் அம்மா என்னிடமும் பேசத் தொடங்கினார். "மேடம்! வாட்டர் கம்மிங்! டென் மினிட்ஸ், மோட்டர் ஆஃப்!" என்று படிக்கட்டுக்குக் கீழிருந்து குரல் வரும். கூடவே கயிறு கட்டிய கூடையில் ரசமும் வரும். தானே சமைத்துத்தான் சாப்பிட வேண்டும் என்று அத்தா ஆட்சேபித்தால், "வெளிநாட்டுல பார்சல் கெடைக்காதா இன்னா?" என்பார்.

அத்தா ஒவ்வொரு சாயங்காலமும் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார். வாசலில் நின்று, "கொழாய் சொட்டுதுன்னு சொன்னியாமே" என்பார். நான் சொல்லியிருக்க மாட்டேன். கழற்றிப் பார்ப்பார், நன்றாக இருக்கும் குழாயை மறுபடி மாட்டுவார். அடுத்த நாள் ஃபேன், அதற்கடுத்த நாள் ஜன்னல் கொக்கி. போகும்போது ஓரக்கண்ணால் என் சோற்றுப் பானையைப் பார்ப்பார். வாடகைக்கு இருப்பவர்களிடம் கேட்கிற மாதிரியே "ரூம் ஓகேவா?" என்று கேட்பார். நானும் விடாமல் "ஓகே சார்" என்பேன். இறங்கும்போது அவர் செருப்புச் சத்தம் கடைசிப் படி வரை கேட்கும். அதற்கு மேல் கேட்காது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பௌர்ணமிக்கு முந்திய வெள்ளிக்கிழமை வந்தது. அன்று அம்மா வீட்டின் எல்லா ஜன்னல்களையும் திறந்துவைத்துப் பிரியாணி செய்தார். பத்து வருஷத்து வாசனையையும் மொத்தமாக மாடிக்கு அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தவர் போல. நான் பானையில் குழைந்த சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தேன். ஜும்மா முடிந்து அத்தா வந்த சத்தம் கேட்டது. தட்டு வைக்கும் சத்தம், அம்மா எதற்கோ சிரித்த சத்தம். அங்கே நான் இல்லாமலே எல்லாம் நடந்துகொண்டிருந்தது. பிரியாணிக்காக இல்லை, சத்தியமாக இல்லை. நான் இல்லாமல் அவர்கள் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்களே என்றுதான். எனக்குப் பின்லாந்தும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்று கதவைத் திறந்துகொண்டு படிகளில் தடதடவென்று இறங்கினேன்.

கடைசிப் படியில் அத்தா உட்கார்ந்திருந்தார். மடியில் பிரியாணித் தட்டு.

"அங்கியே நில்லு!" என்று அவர் போட்ட சத்தத்தில் நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். "கீழ கால வெக்காத! இன்னும் ரெண்டு படி இருக்குது. அங்கியே உக்காரு."

"எனக்கு வேணாம் அத்தா. நான் போவல."

"போவலன்னு அப்புறமா சொல்லு. ஒம்போது நாளா இருந்துட்டு இன்னிக்கா தோப்ப? உக்காரும்மா."

உட்கார்ந்தேன். அவர் தன் தட்டை அப்படியே என் மடிக்கு ஏற்றினார். அவர் பிட்டுவைத்த கறித்துண்டு தட்டில் இருந்தது. அழுதுகொண்டே தின்றேன். அம்மா வாசலுக்கு வந்து பார்த்தார். இடுப்பில் கைவைத்து நின்றார்.

"நீ மேல போன நாள்ல இருந்து மூணு வேளையும் இங்கதான் சாப்பாடு, இவருக்கு. கேட்டா ஃபேன் காத்து நல்லா வருதாம்."

அந்தப் படிக்கட்டின் பக்கத்தில் எங்கும் ஃபேன் கிடையாது. அத்தா கேட்டைப் பார்த்துக்கொண்டு, "காத்து வரத்தான் செய்யுது" என்றார்.

என்னைத் தோற்கடிக்கத்தான் அவர் பந்தயத்துக்கே சம்மதித்தார். தோற்கப் போன என்னைத் தடுத்ததும் அவரேதான். அதைச் சொல்லிக் கேலி செய்ய அன்று எனக்குத் தெம்பில்லை. கையைக் கழுவிவிட்டு மறுபடி மேலே ஏறிப் போனேன்.

பௌர்ணமி வந்தது. மலை சுற்ற வந்த கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு போனது. அம்மாவும் அத்தாவும் எப்போதும் போல் கேட்டோரம் தண்ணீர் டிரம் வைத்து, வந்தவர்களுக்கு மொண்டு கொடுத்தார்கள். மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை நான் இறங்கி வந்தபோது, ஜெயித்ததைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. என் பயணப் பெட்டிக்கு மட்டும் கடையிலிருந்து மூன்று பூட்டுகள் வந்திருந்தன.

வாடகைக்கு இருப்பவர்கள் கிளம்பும்போது எங்கள் வீட்டில் ஒரு முறை உண்டு. அறைச் சாவியை அத்தாவின் கையில்தான் கொடுக்க வேண்டும். வாங்கிக்கொண்டு மேலே போய் குழாய், ஃபேன் எல்லாம் பார்த்துவிட்டு வந்து, "சேம் ரூம், நெக்ஸ்ட் இயர்" என்பார். நான் கிளம்பிய அன்று, சூழ்நிலையைக் கொஞ்சம் லேசாக்கலாம் என்று நானும் அவர் முன்னால் நின்று சாவியை நீட்டினேன்.

"தேங்க்யூ சார். நைஸ் ரூம்."

அத்தா சிரிக்கவில்லை. கையும் நீட்டவில்லை.

"வெச்சிக்கோ" என்றார்.

"மாடிக்கு யாராச்சும் வந்தா?"

"அத நான் பாத்துக்கறேன். நீ வெச்சிக்கோ."

மனசு சரியில்லாமல் ஏதோ சொல்கிறார் என்று எண்ணிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அவர் என் தலையில் கைவைத்து துஆ ஓதினார். அம்மா வேன் கிளம்பும் வரை, கறுப்புத் திரையை மறக்காமல் எடுத்துக்கொண்டேனா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

பின்லாந்தில் நான் படுக்கை விரித்தேன், பாத்திரம் துலக்கினேன், கேக் வெட்டினேன். வெள்ளைச் சுடிதார்கள் பெட்டியை விட்டு வெளியே வரவே இல்லை. கொண்டுபோனதில் நிஜமாக உதவியது அம்மாவின் கறுப்புத் திரை ஒன்றுதான். வேலை செய்த இடத்தில் எல்லோரும் காலை காப்பி முடியும் வரை வாயே திறக்க மாட்டார்கள் என்பதை அத்தாவிடம் சொன்னபோது, போனிலேயே அவர் நெஞ்சு நிமிர்ந்தது தெரிந்தது. மாடியம்மாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வந்து பார்த்தார். நாள் முழுக்கப் பேசினார்.

ஆகஸ்ட் கடைசியில் திரும்பினேன். விமான நிலையத்துக்கு வருகிறேன் என்ற அத்தாவை, நானே பஸ்ஸில் வந்துவிடுவேன் என்று தடுத்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் போன் செய்யச் சொல்லியிருந்தார். விடியப்போகிற நேரம்தானே, தூங்கட்டும் என்று ஆட்டோ பிடித்து வீட்டு வாசலில் வந்து இறங்கினேன். மாடி அறையில் விளக்கு எரிந்தது. சீசனுக்கு முன்பே யாரோ குடிவந்திருந்தார்கள். அறைக் கதவின் கொண்டியில் புதுப் பூட்டு ஒன்று திறந்தபடி பளிச்சென்று தொங்கியது வாசல் விளக்கில் கீழிருந்தே தெரிந்தது. கைப்பையில் இருக்கிற சாவி இனி எதற்கும் ஆகாது என்று நினைத்தபோது வருத்தமாகத்தான் இருந்தது. கேட்டைத் திறக்கச் சொல்லிக் கூப்பிட போனை எடுத்தேன்.

அப்போதுதான் கேட்டைப் பார்த்தேன். கம்பிகளுக்குப் பின்னால் தொங்கிய பூட்டின் நெற்றியில் பச்சைப் பெயின்ட் காய்ந்திருந்தது.

கையை உள்ளே விட்டு என் சாவியைப் போட்டுத் திருகினேன். திறந்துகொண்டது.

பெட்டியை உருட்டிக்கொண்டு, காற்றுக்காகத் திறந்தே கிடந்த ஹால் வாசலுக்கு வந்தேன். சுவரோரம் என் பாய் விரித்துக் கிடந்தது. பக்கத்தில் அம்மா குறட்டை. அத்தா புரண்டு படுத்து, கண்ணைத் திறக்காமலே, கடைக்குப் போய்விட்டு வந்தவளிடம் சொல்வது போல் சொன்னார்.

"கேட்டப் பூட்டிட்டு வாம்மா."